மெஷினுக்கு ஒரு தேங்காய்

ஸ்னேஹா கோயம்புத்தூர்ப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு புனேயில், ஹடப்சர் லேபில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். நிக்டியில் நிம்மதியாகக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அவள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். எங்கள் பழைய சோதனை வரைபடம் ஒன்று, முகடாக எழ வேண்டிய இடமெல்லாம் பள்ளமாக. கூடவே ஒரு கேள்வி: "மேம், உங்க டைம்ல எல்லா பீக்கும் ஏன் தலைகீழா இருக்கு? பிரின்டர் ப்ராப்ளமா?"

பிரின்டர் ப்ராப்ளமாம்! கத்தியைக் கீழே வைத்துவிட்டு பதில் அடிக்க ஆரம்பித்தேன். அடிக்க அடிக்க அது அனுமார் வாலாக நீண்டது. வாட்ஸாப்புக்குத் தாங்காது என்று அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஸ்னேஹாவுக்குத் தமிழ் படிக்கக் கொஞ்சம் திணறும். திணறட்டும், அந்தப் படத்தைப் பார்த்து நான் திணறாததா?

என் படிப்பு, வேலை கிடைத்த கதை எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். அப்பா கோவில்பட்டியிலிருந்து பிம்ப்ரிக்கு ஃபாக்டரி வேலைக்கு வந்தார், நான் இங்கே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன், இரண்டு மூன்று இடங்களில் பாட்டில் கழுவினேன், பிறகு ஹடப்சரில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கேதான் ஆப்தே மேடத்திடம் மாட்டினேன்.

மேடம் பழைய புனேயின் சதாசிவ் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நாக்கில் ஒரு ஊசி உண்டு. வீட்டு வாசலில்கூடக் குத்தலாகப் பலகை எழுதி மாட்டுவார்கள். மேடம் அந்த வழக்கத்தை லேபுக்குள்ளும் கொண்டு வந்திருந்தார். கதவில் மராத்தியில் ஒரு பலகை: "திறந்த கதவருகே நின்று பேச விரும்புவோருக்கு வெளியே பூங்கா இருக்கிறது." கை கழுவும் தொட்டிக்கு மேலே: "உங்கள் விரலிலும் அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை." மெஷினுக்கு நேர் மேலே மூன்றாவது: "மெஷின் பொய் சொல்லாது. அதற்கு அவ்வளவு அறிவு கிடையாது."

இரண்டாவது பலகையின் அர்த்தம் எனக்குச் சேர்ந்த வாரமே புரிந்தது. வெறும் தண்ணீரை ஊசியால் மெஷினுக்குள் செலுத்தினேன். கோடு நேராகப் போக வேண்டும். எனக்கோ இரண்டு இடத்தில் பள்ளம் விழுந்தது. மேடம் எட்டிப் பார்த்து, "இது ஸெரின். இது க்ளைஸின். வாழ்த்துகள், இது நீதான்" என்றார். விரல் வியர்வை! கையுறை போடுவதற்கு முன் கை கழுவாமல் அதன் வெளிப்புறத்தைத் தொட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். இப்போதும் வீட்டில் அப்படித்தான் கழுவுகிறேன், என் கணவர் ஆபரேஷனா சமையலா என்று கேட்கிறார்.

சரி, பள்ளத்துக்கு வருவோம். அமினோ அமிலங்களுக்கு நிறம் கிடையாது. ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தாலும் பாதிப் பேர் கண்ணில் படமாட்டார்கள். அதனால் ஊரெல்லாம் அவற்றுக்கு ஏதாவது சாயம் ஏற்றித்தான் பார்ப்பார்கள். மேடத்துக்குச் சாயம் பிடிக்காது. "சாயம் போட்டால் சாயத்தைத்தான் பார்க்கிறாய்" என்பார். அவர் வழி வேறு. பிசின் மணிகள் அடைத்த மெல்லிய எஃகுக் குழாய் வழியாக நீர்த்த அமிலம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் சாம்பிளைச் செலுத்தினால் அமினோ அமிலங்கள் மணிகளில் ஒட்டி ஒட்டி, ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தில் வெளியே வரும். வாசலில் ஒரு சின்ன அறை. அங்கே திரவம் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மெஷின் அளந்துகொண்டே இருக்கும்.

அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி மின்சாரத்தைக் கடத்துவதில் புலி. அமினோ அமிலம் மந்தம். ஹடப்சர் ரோட்டில் டூவீலர்கள் பறந்துகொண்டிருக்கும்போது நடுவே ஒரு தண்ணீர் டேங்கர் நுழைந்தால் என்ன ஆகும்? வேகம் விழும். அதுதான் பள்ளம். ஸ்னேஹா, பிரின்டர் மேல் பழி போடாதே. இப்போது உங்கள் சாஃப்ட்வேர் படத்தைத் திருப்பிப் போட்டு மலையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் கடத்தும் எதுவானாலும் அந்த மெஷின் கண்டுகொள்ளும். ஆனால் யார் வந்தது என்று சொல்லத் தெரியாது. யாரோ வந்தார்கள் என்று மட்டும் சொல்லும். வந்த நேரத்தை வைத்து ஆளை நாம்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்துக்கு வந்தால் தீர்ந்தது கதை.

அப்படி ஒரு கதைதான் இது.

போஸரி பக்கத்தில் ஜாதவ் என்று ஒருவர் சின்னதாக மருந்துப் பொடித் தொழில் நடத்திவந்தார். அவர் வருமானத்துக்குச் செய்த வேலை வேறு. மனதுக்காகச் செய்த வேலை ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. பால், பருப்பு, சோறு எதிலும் இருக்கும் லூசின் என்கிற அமினோ அமிலத்தை அவர்கள் உடம்பால் செரித்துத் தள்ள முடியாது. அது ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். குழந்தை சோர்ந்து, மயங்கி, கைமீறிப் போய்விடும். ஏறத் தொடங்கினால் சிறுநீரில் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வரும். அந்தக் குழந்தைகளுக்கு லூசினும் அதன் நெருங்கிய உறவுக்காரர்களும் இல்லாத அமினோ அமிலக் கலவைதான் முக்கிய ஆகாரம். ஜாதவ் அதைத்தான் பொடியாகக் கலந்து டப்பாவில் அடைத்து, புனேயில் இருந்த நாலைந்து குடும்பங்களுக்குக் கொடுத்துவந்தார். அதில் உப்பு வகை எதுவும் சேர்ப்பதில்லை, அமினோ அமிலங்கள் மட்டுமே. ஒவ்வொரு முறை கலக்கும்போதும் எங்களிடம் சாம்பிள் வரும். லூசின் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் டப்பா வெளியே போகும்.

தசரா முடிந்து வந்த சாம்பிளில் லூசின் இடத்தில் பள்ளம் விழுந்தது.

மேடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் ஊசி வணக்கம் சொல்ல, இரண்டாவது கேட்க, மூன்றாவது நம்ப. மூன்று முறை செலுத்தினேன். மூன்று முறையும் அதே இடத்தில், அதே ஆழத்தில் பள்ளம். நான் "தேறவில்லை" என்று எழுதத் தயாராகிவிட்டேன். மேடம் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மேடம் பேனாவால் தலைக்கு மேலே இருந்த மூன்றாவது பலகையைக் காட்டினார்.

வேறு சாம்பிள் கேட்டு வாங்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் தொழிலில் அது பாவம். தோற்ற சாம்பிளைத் தூர வைத்துவிட்டு, ஜெயிக்கும் வரை புதிது புதிதாக வாங்கிக்கொண்டிருந்தால் அப்புறம் சோதனை எதற்கு? ஏன் தோற்றது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த சாம்பிளைத் தொடலாம். ஜாதவிடம் சொன்னோம். கலவை அப்படியே நின்றது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் சரக்கு வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார் அவர்.

மறுநாள் வாட்ச்மேன் போன் செய்தார். ரிசப்ஷனில் ஒரு பெண் காத்திருக்கிறாள், மதராஸி பாஷை பேசுகிறாள், நீங்களே வாருங்கள் என்றார்.

மடியில் ஒரு காலி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். ஜாதவின் டப்பாதான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க தமிளாமே? வாட்ச்மேன் பையா சொன்னாரு. எம் பேரு செல்வி, ஏரவாடாலேருந்து வர்றேன். ஜாதவ் சேட்டக் கேட்டா, லேப்லேருந்து காயிதம் வரலங்கிறாரு. நீங்கதான் அந்தக் காயிதம் குடுக்கறவங்களா?"

சோதனை நடந்துகொண்டிருக்கிறது, முடிவு வராமல் எதுவும் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன்.

"அது சரிக்கா. ஆனா இந்த டப்பா காலி, வூட்டுல இருக்கற பாவ்டரும் தீரப் போவுது. புள்ளைக்கு ரெண்டு வயசு, தர்ஷினி. ரெண்டு கரண்டி போடற எடத்துல ஒண்ணு போட்டு ஆத்திக் குடுக்கறேன்."

"அப்படிக் குறைக்கக் கூடாதும்மா. டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாரு, கத்துனாரு. சாப்பாடு கொறஞ்சா ஒடம்பு தன்னையே தின்னும், அதுலயும் விஷம் ஏறும்னாரு. முளுசாப் போட்டா ரெண்டு நாள்ல டப்பா காலி. அப்புறம் நான் என்னத்தக் குடுக்கறது? சோறு குடுக்க முடியுமா? பால் குடுக்க முடியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து ஒண்ணுக்குப் போனப்ப லேசா பாகு வாசன வந்துச்சுக்கா. வூட்டுக்காரர்கிட்ட சொல்லல."

தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அவள் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாரிடமோ முறையிடுவது போலச் சொன்னாள்.

"இந்தத் தசராக்கு சேட் கம்பெனில பூஜ போட்டாங்க. எங்களயெல்லாம் கூப்பிட்டாங்க. நான்தான் தேங்கா ஒடச்சேன். கலக்கற மெஷினுக்குப் பொட்டு வச்சேன். பொடி அள்ளற கரண்டிக்கும் குங்குமம் வச்சு, தேங்காத் தண்ணிய அது மேல நல்லாத் தெளிச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டேன். எம் புள்ளைக்குச் சோறு அள்ளற கரண்டியாச்சே! அப்பிடிக் கும்பிட்டும் இப்பிடி ஆயிருச்சே. சாமிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

இன்றைக்கே டாக்டரிடம் குழந்தையைக் காட்டு, வாசனையைப் பற்றி மறைக்காமல் சொல் என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். வந்து மேடத்திடம் நேராகக் கேட்டேன், பள்ளம் சின்னதுதானே, விட்டுவிடலாமா என்று. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அந்த டப்பாவைப் பார்த்தவர்கள் யாரானாலும் கேட்டிருப்பார்கள்.

"ரடூன் பேஸ்லைன் திஸத் நாஹி" என்றார் மேடம். அழுதுகொண்டு பார்த்தால் கோடு தெரியாது என்று அர்த்தம். "அது லூசின்தான் என்றால் அந்தப் பொடியை நாமே அந்தக் குழந்தை வாயில் ஊட்டுகிறோம். லூசின் இல்லை என்றால் நல்ல சோற்றை வாயிலிருந்து பிடுங்குகிறோம். இரண்டில் எது என்று தெரியாமல் இரக்கப்பட உனக்கு உரிமை இல்லை."

கடுமையான சொல்தான். சொல்லிவிட்டு அவர் எழுந்து அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, பின்னாலிருந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்தார். நின்ஹைட்ரின். அமினோ அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம் கொடுக்கும் சாயம். சாயத்தையே வெறுத்த மேடம் அதை ஒளித்து வைத்திருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நம்ம மெஷின் சாம்பிளைக் கெடுப்பதில்லை. அளந்துவிட்டு அப்படியே கழிவு பாட்டிலுக்கு அனுப்புகிறது. அந்தப் பள்ளத்தில் வந்தவனை வாசலிலேயே பிடி" என்றார்.

கழிவு பாட்டிலுக்குப் போகும் குழாயின் முனையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு இறங்கத் தொடங்கியதும் "ஆத்தா" என்றார். பயந்துவிடாதீர்கள், மராத்தியில் "இப்போது" என்று அர்த்தம். சொட்டுச் சொட்டாகச் சோதனைக் குழாயில் பிடித்தேன். கோடு நிமிர்ந்ததும் நிறுத்தினேன். ஒரு முறை பிடித்தது போதாது என்று திரும்பத் திரும்பச் செலுத்தி, அதே குழாயில் சேர்த்தேன். அருகில் இன்னொரு குழாய். அதில் அதே ஆழத்துக்குப் பள்ளம் விழுகிற அளவு நிஜ லூசினைச் செலுத்தி, அதே மாதிரி வாசலில் பிடித்து வைத்தோம். இரண்டிலும் அமிலத்தைத் தணித்து, நின்ஹைட்ரின் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தினோம்.

லூசின் குழாய் மெல்லச் சிவந்து, கருத்து, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆனது. மற்றது தண்ணீராகவே நின்றது. இன்னும் கொஞ்சம் சூடாக்கு என்றார் மேடம். சூடாக்கினேன். அப்போதும் தண்ணீராகவே நின்றது. எனக்கு அந்தக் குழாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அமினோ அமிலமே இல்லை. அப்படியானால் யார் இவன்?" மேடம் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பொட்டாசியம் உப்பைத் துளி கரைத்துச் செலுத்தச் சொன்னார். பள்ளம் அச்சாக அதே இடத்தில் விழுந்தது. எங்கள் குழாயில் லூசினும் பொட்டாசியமும் அண்டை வீட்டுக்காரர்கள், சுவர்கூட ஒட்டித்தான் இருக்கும். வழக்கமாக இந்தப் பொடியில் பொட்டாசியமே வராது என்பதால் அதுவரை எங்களுக்குச் சண்டை வந்ததில்லை.

"உப்பே போடாத பொடிக்குள் பொட்டாசியம் எப்படி வந்தது? அது தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

பொட்டாசியம் எதில் அதிகம் என்று யோசித்தேன். வாழைப்பழம், சாம்பல், இளநீர். இளநீர் என்றதும் செல்வியின் குரல் காதில் விழுந்தது, "தேங்காத் தண்ணிய அது மேல நல்லாத் தெளிச்சு." மேடத்திடம் சொன்னேன். அவர் மறு பேச்சில்லாமல் ஜாதவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்களுக்கு அனுப்பின சாம்பிளை எதால் அள்ளினீர்கள்?"

"எப்போதும் அள்ளுகிற ஸ்டீல் கரண்டியால்தான், மேடம்."

"பூஜையில் வைத்த கரண்டியா?"

அந்தப் பக்கம் யாரிடமோ விசாரிக்கும் குரல் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். பூஜை முடிந்த மறுநாள் காலையில் குங்குமத்தைத் துணியால் துடைத்துவிட்டு அதே கரண்டியால் அள்ளியிருக்கிறார்கள். கலவை பூஜைக்கு முன்பே தயாராகி மூடி முத்திரை வைத்த டிரம்களில் இருந்தது. அந்தக் கரண்டி தொட்டது எங்கள் சாம்பிளை மட்டும்தான். சிவப்பு போய்விட்டது, அதனால் சுத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். காய்ந்த தேங்காய்த் தண்ணீர் கண்ணுக்குத் தெரியுமா?

மேடம் அன்று பூஜையை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "கும்பிட்டதைக் கழுவவும் வேண்டும்" என்று மட்டும் ஜாதவிடம் சொன்னார். நானே ஆட்டோ பிடித்து போஸரிக்குப் போய், கொதிநீரில் கழுவிய கரண்டியால் ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் சாம்பிள் அள்ளி வந்தேன். செலுத்தினோம். வணக்கம் சொல்ல, கேட்க, நம்ப. லூசின் இடத்தில் கோடு மேஜை விளிம்பு மாதிரி நேராகப் போனது. மேடம் கையெழுத்துப் போட்டார், அன்று சாயங்காலமே ஜாதவின் ஆள் டப்பாக்களோடு ஏரவாடாவுக்குக் கிளம்பினான்.

அடுத்த வாரம் செல்வி வந்தாள். இடுப்பில் தர்ஷினி. டாக்டர் சரியான நேரத்தில் பார்த்துவிட்டாராம், பொடி முழு அளவுக்கு வந்ததும் வாசனை போய்விட்டதாம். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மேடமும் ரிசப்ஷனுக்கு வந்து நின்றார்.

"அக்கா, சேட்டக் கேட்டா, லேப்லதான் கேக்கணும்னு சொல்லிட்டாரு. எதனாலக்கா நின்னு போச்சு? யார் பண்ண தப்பு?"

என்ன சொல்வது? உன் புள்ளையின் சோற்றை நிறுத்தியது உன் கைதான் என்றா? இனி ஆயுசு முழுக்க அவள் சாமி கும்பிடக் கையெடுக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருமே. மேடம் முகத்தைப் பார்த்தேன். பொய்யே பேசாத மனுஷி. அவருக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் கேள்வி என்னவென்று புரிந்துவிட்டது.

"மெஷின் கீ கல்தி தீ" என்றார் மேடம், இந்தியில், தெளிவாக. மெஷின் செய்த தப்பு.

மெஷின் பொய் சொல்லாது என்று தலைக்கு மேல் பலகை மாட்டி, என்னைப் போல எத்தனையோ பேரை வாயடைத்த அதே மேடம்!

செல்வியின் முகத்தில் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. "அய்யோ பாவம், மெஷினுக்கு ஒடம்புக்கு முடியலயா? இந்தத் தசராக்கு நீங்க அதுக்குப் பூஜ போட்டீங்களா இல்லியா? மேடத்துகிட்ட கேளுங்கக்கா, நான் அதுக்கு ஒரு தேங்கா ஒடைக்கட்டுமா? பையிலயே கொண்டாந்திருக்கேன்."

மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரிக்காமல் சொல்லப் படாத பாடு பட்டேன். மேடம் தர்ஷினியைப் பார்த்தார். அதற்குள் அவளுக்கு என் கண்ணாடி கிடைத்துவிட்டது, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உடைக்கட்டும்" என்றார் மேடம். "கேட்டுக்கு வெளியே."

வெளியே போனோம். செல்வி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, லேப் இருக்கும் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, கேட் ஓரத்துக் கல்லில் ஒரே போடாகப் போட்டாள். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. மேடம் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார், சேலையில் படாமல். செல்வி தேங்காயைக் கீறி முதல் சில்லை அவரிடம்தான் நீட்டினாள். பிரசாதம் என்று எதைக் கொடுத்தாலும் "பிறகு" என்று மேஜையில் வைத்துவிடுகிறவர் அவர். அன்றைக்கு வாங்கி, நின்றபடியே முழுவதையும் தின்றார். பிறகு உள்ளே போய், முழங்கை வரை கையைக் கழுவிக்கொண்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.